ஒரு பூஜ்யம் பிறந்த கதை

1860-ல் சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்தவர் சர் சார்லஸ் ட்ரெவிலியன். அயர்லாந்துப் பஞ்சத்தின்போது லண்டன் கருவூலத்தில் உட்கார்ந்துகொண்டு நிவாரணத்தைக் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்தவர். அந்த நாடு இன்னும் அவரை மன்னிக்கவில்லை. சென்னையில் அவருக்கு வேறு முகம். இன்றைய சென்ட்ரலுக்குப் பக்கத்தில் ஊர் மக்கள் காலாற நடக்க பீப்பிள்ஸ் பார்க் போட்டது அவர்தான். சென்ட்ரலை ஒட்டியே வால்டாக்ஸ் ரோடு போகிறது. 18-ம் நூற்றாண்டில் நகர மதிலுக்காகப் போட்ட வரியின் பெயர் தெருவுக்கு ஒட்டிக்கொண்டது. வரி மட்டும் வசூலானதே இல்லை என்று சென்னை வரலாறு எழுதியவர்கள் ருசித்துச் சொல்வார்கள். அப்படிப்பட்ட ஊருக்கு வந்த கவர்னர், ஒரு வரியை எதிர்த்தே பதவியைப் பறிகொடுக்கப்போகிறார் என்று அப்போது யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

1857 கிளர்ச்சியை அடக்கிய செலவில் பிரிட்டிஷ் இந்தியாவின் கஜானா காலியாகிக் கிடந்தது. அதை நிரப்ப லண்டனிலிருந்து கல்கத்தாவுக்கு வந்து இறங்கினார் ஜேம்ஸ் வில்சன். தொப்பி செய்து விற்ற குடும்பத்தில் பிறந்து, 'தி எகனாமிஸ்ட்' பத்திரிகையைத் தொடங்கியவர். 1860 பிப்ரவரியில் அவர் வைத்த பட்ஜெட்டில் இந்தியா அதுவரை பார்த்திராத ஒன்று இருந்தது: வருமான வரி. ஆண்டுக்கு 200 ரூபாய்க்குக் கீழே சம்பாதிப்பவருக்கு வரி இல்லை. 200 முதல் 500 வரை இரண்டு சதவீதம். அதற்கு மேல் நான்கு சதவீதம். செலவைக் குறைப்பதை விட்டுவிட்டு மக்கள் தலையில் புது வரியைக் கட்டுவதா என்று ட்ரெவிலியன் ஒரு குறிப்பு எழுதினார். அத்தோடு நின்றிருந்தால் பாதகமில்லை. குறிப்பைப் பத்திரிகைகளுக்கே கொடுத்துவிட்டார்.

லண்டன் அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டது. ஜூலை 24-ம் தேதி வரி அமலுக்கு வந்தது; வருமான வரித் துறை இன்றைக்கும் அதே தேதியைத்தான் வருமான வரி நாளாகக் கொண்டாடுகிறது. வென்ற வில்சனுக்கு வெற்றியை அனுபவிக்கக் கொடுத்துவைக்கவில்லை. மூன்று வாரம்கூட ஆகவில்லை, கல்கத்தாவில் வயிற்றுக்கடுப்பு வந்து இறந்துபோனார். ஆளைத் தின்ற அந்த வரியின் அடுத்த திருப்பம் அதைவிட விசித்திரமானது.

1862-ல் 200 முதல் 500 வரையிலான வருமானத்தின் மீதிருந்த வரியைக் கைவிட்டார்கள். சின்னச் சம்பளக்காரர்களிடம் பிடுங்குவதில் வருகிற காசைவிடக் கெட்ட பெயர்தான் அதிகம் என்று புரிந்திருந்தது. நடுத்தர வர்க்கத்துக்கான முதல் வரிச் சலுகை என்று இதைத் தாராளமாகச் சொல்லலாம். அடுத்த ஆண்டு இந்தியாவின் நிதிப் பொறுப்பை ஏற்றுக் கல்கத்தாவில் வந்து இறங்கியவர் யார்? விரட்டப்பட்ட அதே ட்ரெவிலியன்! அவர் காலத்தில் நான்கு சதவீதம் மூன்றானது. 1865-ல், அவர் பதவிக்காலம் முடிகிற நேரத்தில், வரியே காலாவதியானது. ஆனால் அது செத்துவிட்டது என்று நம்பியவர்கள் ஏமாந்தார்கள்.

வெவ்வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப வந்து, 1886 சட்டத்தோடு வருமான வரி நிரந்தரமாகக் குடியேறியது. அதன் பிறகு சலுகை என்றாலே ஒரே வழிதான்: விலக்கு வரம்பை உயர்த்துவது. 500 ரூபாயாக இருந்தது 1903-ல் 1,000 ஆனது, 1919-ல் 2,000 ஆனது. சுதந்திரம் வந்தும் இதே வாய்ப்பாடு. பக்கத்திலேயே விகிதங்கள் வானத்துக்கு ஏறின. 1973-ல் உச்ச விகிதம் கூடுதல் வரியோடு சேர்த்து 97.75 சதவீதம்; மேல்தட்டில் ஈட்டிய நூறு ரூபாயில் கையில் நிற்பது இரண்டேகால் ரூபாய். அடுத்த ஆண்டு ஒய்.பி. சவாண் அதை 77-க்கு இறக்கினார். 1976-ல் நம்மூர் சி. சுப்பிரமணியம் 66-க்கு, 1985-ல் வி.பி. சிங் 50-க்கு, 1992-ல் மன்மோகன் சிங் 40-க்கு. இத்தனைக்கும் நடுவில் அந்தப் பழைய வாய்ப்பாட்டில் ஓர் ஓட்டை இருப்பதைப் பற்றி யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை.

ஓட்டை இதுதான். விலக்கு வரம்பை உயர்த்துவது, கல்யாணப் பந்தியில் எல்லா இலைக்கும் பாயசம் ஊற்றுவது மாதிரி. மாதம் இருபதாயிரம் வாங்குகிற குமாஸ்தாவுக்கும் கிடைக்கும், கோடி சம்பாதிக்கும் முதலாளிக்கும் கிடைக்கும். ஏனென்றால் எல்லோருடைய முதல் சில லட்சமும் அந்த வரம்புக்குள்தான் வருகிறது. கீழே இருப்பவருக்கு ஒரு ரூபாய் விட்டுக்கொடுக்க, மேலே இருப்பவருக்கும் அரசு விட்டுக்கொடுத்தாக வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு நிதியமைச்சருக்கும் வரம்பைத் தொடக் கை நடுங்கியது. இந்த முடிச்சை அவிழ்க்கிற யோசனையைச் சட்டமாக்கியவர், கானாடுகாத்தானில் பிறந்து ஹார்வர்டில் நிர்வாகம் படித்த ஒரு வக்கீல். அதற்கு முன்னால் அவர் ஓர் ஆட்சிக் கவிழ்ப்பைத் தாண்ட வேண்டியிருந்தது.

1996-ல் மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரஸ் சார்பில் சிவகங்கையில் வென்ற ப. சிதம்பரம், தேவ கௌடா அரசில் நிதியமைச்சரானார். 1997 பிப்ரவரி 28 அன்று அவர் வாசித்த பட்ஜெட்டில் 15, 30, 40 என்றிருந்த விகிதங்கள் 10, 20, 30 ஆகக் குறைந்தன. பத்திரிகைகள் 'கனவு பட்ஜெட்' என்று கொண்டாடின. சரியாக ஒரு மாதம். மார்ச் 30-ம் தேதி காங்கிரஸ் தலைவர் சீதாராம் கேசரி ஆதரவை வாபஸ் வாங்கினார். ஏப்ரல் 11-ம் தேதி நம்பிக்கை வாக்கெடுப்பில் ஆட்சி கவிழ்ந்தது. கனவு பட்ஜெட் அந்தரத்தில் தொங்கியது.

குஜ்ரால் பிரதமரானபோது த.மா.கா. அமைச்சரவையில் சேரவில்லை. நிதி இலாகாவைக் குஜ்ராலே வைத்துக்கொண்டார். பத்து நாள் இழுபறிக்குப் பிறகு கட்சி மனம் மாறியது. மே 1-ம் தேதி சிதம்பரம் பழைய நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். பட்ஜெட் பிழைத்தது. அன்று உச்சத்தில் வைத்த அந்த 30 சதவீதத்தின் மேல் கூடுதல் வரிகள் ஏறியும் இறங்கியும் இருக்கின்றன; முப்பதை மட்டும் அதற்குப் பின்வந்த எந்த நிதியமைச்சரும் தொடவில்லை. கால் நூற்றாண்டுக்கு மேல் நிற்கிற கல்வெட்டு அது. இவ்வளவையும் செய்தவருக்குச் சொந்தத் தொகுதி கொடுத்த பரிசு 1999-ல் தெரிந்தது.

தோற்றார். அந்தத் தேர்தலில் த.மா.கா.வுக்குத் தமிழ்நாடு முழுக்க ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. கூட்டணிக் கணக்கு முக்கியக் காரணம் என்பதில் சந்தேகமில்லை. அதோடு இன்னொன்றும் உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. சிவகங்கை வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்ததா, பயிர்க்கடன் வந்ததா என்பதுதான் அங்கே கேள்வி. வருமான வரி விகிதம் குறைந்ததால் பயனடைந்தவர்கள் அந்தத் தொகுதியில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அவர்கள் வேறெங்கோ வாக்களித்துக்கொண்டிருந்தார்கள். அல்லது இனிமேல்தான் உருவாகவிருந்தார்கள்.

உருவான இடங்களில் ஒன்று பொத்தேரி. தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே, கூடுவாஞ்சேரியைத் தாண்டியதும் வருகிற ரயில் நிலையம். ஏரியும் வயலும், 1985-ல் வந்த ஒரு பொறியியல் கல்லூரியுமாக இருந்த ஊர். தொண்ணூறுகளின் கடைசியில் பக்கத்து மறைமலைநகரில் ஃபோர்டு கார் உருளத் தொடங்கியது. 2002-ல் பரனூர் பக்கம் மஹிந்திரா சிட்டி வந்தது, அதற்குள் ஐ.டி. கம்பெனிகள் வந்தன. அந்தக் கல்லூரி பெரும் பல்கலைக்கழகமாகப் பெருத்தது. ஜி.எஸ்.டி. ரோட்டின் இரண்டு பக்கமும் அடுக்குமாடிகள் எழும்பின. வீட்டுக்கடனும் மாதச் சம்பளமும் ஃபார்ம் 16-ம் கொண்ட ஒரு புதுக் குடித்தனம் இந்த வழித்தடத்தில் பெருகிக்கொண்டிருந்த வேளையில், 2004-ல் சிவகங்கை தன் மனதை மாற்றிக்கொண்டது.

மன்மோகன் சிங் அரசில் மறுபடியும் நிதியமைச்சரான சிதம்பரம், 2004 ஜூலை 8 அன்று ஒரு வித்தை காட்டினார். ஒரு லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ளவர் வரி கட்ட வேண்டாம் என்றார். விலக்கு வரம்பு 50,000-லிருந்து ஒரு லட்சமாகிவிட்டது என்று ஊரே எண்ணிக்கொண்டது. கணக்கைப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. வரம்பு அதே 50,000-ல்தான் இருந்தது!

88டி என்று ஒரு புதுப் பிரிவைச் சட்டத்தில் செருகியிருந்தார்கள். ஒரு லட்சம் வருமானத்துக்கு வழக்கப்படி 9,000 ரூபாய் வரி கணக்காகும். கணக்கான கையோடு அந்த 9,000-மும் தள்ளுபடியாகிவிடும். ஒரு லட்சத்து ஆயிரம் என்றால்? கூடுதலாகச் சம்பாதித்த அந்த ஆயிரம் மட்டும்தான் வரி. வருமானம் கொஞ்சம் கூடியதற்காகக் கையில் நிற்பது ஒரு லட்சத்துக்குக் கீழே போய்விடாதபடி சட்டத்தில் தடுப்பு இருந்தது. 1,11,250-ஐத் தாண்டியவருக்கு ஒன்றும் கிடையாது. அவர் 50,000-லிருந்தே வரி கட்ட வேண்டும். பாயசம் முதல் வரிசைக்கு மட்டும். கொஞ்சச் செலவில் குறிபார்த்துக் கொடுக்கிற சலுகைக்கு வழி கிடைத்துவிட்டது. ஆனால் வரம்பே உயர்ந்தது என்று நம்பி ஏமாந்த கூட்டத்துக்கு இது கண்கட்டு வேலையாகப் பட்டது. 88டி ஒரே ஓர் ஆண்டுதான் உயிரோடு இருந்தது.

2005-ல் அதை அவரே எடுத்துவிட்டார். வரம்பை நிஜமாகவே ஒரு லட்சத்துக்கு உயர்த்தினார். சேமிப்புக்கு ஒரு லட்சம் வரை 80சி கழிவு கொடுத்தார். கூடவே, 1974-லிருந்து சம்பளக்காரர்களுக்குக் கிடைத்துவந்த நிலைக் கழிவை, அதாவது 'ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷ'னை, வெட்டியெறிந்தார். சிதம்பரத்தின் மீது மாதச் சம்பளக்காரருக்கு இருக்கும் தீராத மனத்தாங்கல் இதுதான். வியாபாரி செலவு எழுதிக் கழித்துக்கொள்ளலாம், சம்பளக்காரருக்கு இருந்த ஒரே கழிவும் போயிற்று என்கிற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் காகிதமும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டால் வேறு விடை வருகிறது.

அன்றைக்கு மஹிந்திரா சிட்டியில் வேலைக்குச் சேர்ந்து, பொத்தேரியில் வாடகைக்கு இருந்த ஓர் இளம் பொறியாளரின் ஆண்டுச் சம்பளம் இரண்டரை லட்சம் என்று வைத்துக்கொள்ளலாம். சேமிப்புச் சலுகையையும் செஸ்ஸையும் ஒதுக்கிவிட்டால், 2004 விதிப்படி 30,000 நிலைக் கழிவு போக அவர் கட்ட வேண்டியது 40,000 ரூபாய். 2005 விதிப்படி, நிலைக் கழிவே இல்லாமல், 25,000. எடுத்தது கண்ணுக்குத் தெரிந்தது. கொடுத்தது ஸ்லாப் மாற்றத்துக்குள் ஒளிந்துகொண்டது. வங்கியில் பணம் எடுத்ததற்கும் வரி போட்டார், கல்விக்கும் உயர்கல்விக்கும் செஸ் போட்டார், உண்மைதான். அதற்காக நடுத்தர வர்க்கத்தை அவர் பிழிந்தார் என்பது கணக்குக்கு ஒத்துவராத புகார். 2008-ல் வரம்பை ஒன்றரை லட்சமாக்கினார். அந்த ஆண்டு நவம்பரில் மும்பை தாக்கப்பட்டதும், நிதியை விட்டு உள்துறைக்குப் போனார். 88டி-யை எல்லோரும் மறந்துபோனார்கள். அதைப் பெற்றவரைத் தவிர.

2012-ல் பிரணாப் முகர்ஜி குடியரசுத் தலைவர் மாளிகைக்குப் போக, சிதம்பரம் மூன்றாம் முறையாக நிதிக்குத் திரும்பினார். கஜானாவில் வறட்சி, விலைவாசியில் நெருப்பு, வாசலில் தேர்தல். 2013 பிப்ரவரி 28 அன்று பட்ஜெட் வாசித்தபோது, இரண்டு லட்சமாக இருந்த வரம்பைக் கொஞ்சம் நகர்த்தினாலும் லட்சக்கணக்கானோர் வரி வலையை விட்டு வெளியே போய்விடுவார்கள் என்று கையை விரித்தார். கூடவே பழைய பெட்டியைத் திறந்தார். ஐந்து லட்சம் வரை வருமானம் உள்ள ஒவ்வொருவருக்கும் 2,000 ரூபாய் தள்ளுபடி. 1.8 கோடிப் பேருக்கு, மொத்தம் 3,600 கோடி. அதே உரையில், கோடி ரூபாய்க்கு மேல் வருமானம் காட்டியவர்கள் நாடு முழுக்க 42,800 பேர்தான் என்ற திகைப்பூட்டும் எண்ணையும் சொல்லி, அவர்கள் மீது பத்து சதவீதக் கூடுதல் வரியும் போட்டார். இந்த முறை பிரிவின் எண் 87ஏ.

மாதக் கணக்கில் பார்த்தால் அந்தத் தள்ளுபடி 167 ரூபாய். குடும்பத்தோடு ஒரு சினிமாவுக்குக் காணாது. யாரும் நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அளவுக்குத் தொகையும் இல்லை. 2014-ல் சிதம்பரம் தேர்தலில் நிற்கவில்லை. சிவகங்கையில் நின்ற அவர் மகன் கார்த்தி நான்காம் இடத்துக்குப் போனார். காங்கிரஸ் 44 இடங்களில் சுருண்டது. வந்த புது அரசு, போனவரின் 2,000 ரூபாய்ச் சங்கதியைத் தூக்கிக் குப்பையில் போடும் என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள்.

போடவில்லை. 2016-ல் அருண் ஜேட்லி அதை 5,000 ஆக்கினார். 2017-ல் கீழ் ஸ்லாபின் விகிதத்தையே பத்திலிருந்து ஐந்தாகக் குறைத்தபோது, தள்ளுபடியை 2,500-க்கு இறக்கி, அதையும் மூன்றரை லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் என்று ஒடுக்கினார். மெல்ல மெல்லத் தேய்ந்து மறையப்போகிறது என்று தோன்றிய நிலையில், ஜேட்லி உடல்நலம் குன்றிச் சிகிச்சைக்காக அமெரிக்கா போனார். அவருக்குப் பதிலாக இடைக்கால பட்ஜெட் வாசிக்க வந்தார் பியூஷ் கோயல்.

2019 பிப்ரவரி 1. தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தன. ஐந்து லட்சம் வரை வரி இல்லை என்று கோயல் அறிவித்ததும் ஆளுங்கட்சி வரிசைகள் மேசையைத் தட்டி ஆர்ப்பரித்தன. வரம்பு ஐந்து லட்சமாகிவிட்டது என்று தேசமே மறுபடியும் நம்பியது. 2004-ன் அதே காட்சி, அதே ஏமாற்றம்: வரம்பு இரண்டரை லட்சத்திலேயே இருந்தது, 87ஏ தள்ளுபடிதான் 12,500 ஆகியிருந்தது. அந்த பட்ஜெட்டை வாக்குகளுக்கான கணக்கு என்று கிண்டல் செய்தவர்களில் முதல் குரல் சிதம்பரத்துடையது. கிண்டல் செய்தவரின் கைச்சரக்குதான் அதில் ஜொலித்தது என்பதை இரு தரப்பும் பேசாமல் விட்டார்கள். பேசினால் இரு தரப்புக்குமே சங்கடம்.

2023-ல் நிர்மலா சீதாராமன், புதிய வரி முறையில் இதை ஏழு லட்சம் வரை நீட்டினார். உடனே பழைய பேய் எழுந்தது. ஏழு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே போனாலும் 25,000 தள்ளுபடி முழுக்கக் கைநழுவும். சம்பள உயர்வே தண்டனையாகிவிடுமே என்று ஆடிட்டர்கள் கூப்பாடு போட்டார்கள். மார்ச்சில் நிதி மசோதா நிறைவேறியபோது திருத்தம் வந்தது: வரம்பைத் தாண்டிய தொகைக்கு மேல் வரி போகாது. 88டி-க்குள் 2004-லேயே இருந்து, 2013-ல் 87ஏ பிறந்தபோது விட்டுப்போன அதே தடுப்பு, பத்தொன்பது ஆண்டுக்குப் பிறகு வீடு திரும்பியது. அடுத்து வந்தது யாரும் எதிர்பார்க்காத தாவல்.

2025 பிப்ரவரி 1. மதுரையில் பிறந்தவர், பக்கத்து மாவட்டத்துக்காரர் தொடங்கிவைத்ததை அதன் உச்சிக்கு ஏற்றினார். பன்னிரண்டு லட்சம் வரை வரி இல்லை. ஜேட்லி 2018-ல் உயிர்கொடுத்துத் திருப்பிக் கொண்டுவந்து, 2024-ல் 75,000 ஆன நிலைக் கழிவையும் சேர்த்தால், சம்பளக்காரருக்குப் பன்னிரண்டே முக்கால் லட்சம் வரை. அரசு விட்டுக்கொடுக்கும் தொகை சுமார் ஒரு லட்சம் கோடி என்று அமைச்சரே சொன்னார். இவ்வளவு பெரிய தொகையை விட்டுக்கொடுக்க அவருக்கு இருந்த துணிச்சல் சிதம்பரத்துக்கு இருந்ததில்லை. அந்தப் புகழ் முழுக்க அவருக்கே சேரும். விலக்கு வரம்போ வெறும் நான்கு லட்சம்தான்.

இன்று பொத்தேரியிலிருந்து காலை மின்சார ரயிலில் பரனூருக்கோ, எதிர்த்திசையில் தாம்பரத்துக்கோ வேலைக்குப் போகிற மாதச் சம்பளக்காரர்களில் பலருடைய சம்பளச் சீட்டில் வரிக்கான கட்டத்தில் ஒரு பூஜ்யம் இருக்கிறது. அது எப்படி வந்தது என்று யாரும் யோசிப்பதில்லை. ஃபார்ம் 16-ஐத் திறந்து பார்த்தால் வரிசை தெரியும். பன்னிரண்டு லட்சத்துக்கு முதலில் 60,000 ரூபாய் வரி கணக்காகியிருக்கும். அதன் கீழே 87ஏ பிரிவின்படி தள்ளுபடி 60,000. அதற்கும் கீழே பூஜ்யம். பன்னிரண்டு லட்சத்துப் பத்தாயிரம் என்றால் கணக்குப்படி வருவது 61,500; கட்ட வேண்டியது பத்தாயிரம் மட்டும். 2004-ல் ஒரு லட்சத்து ஆயிரத்துக்குப் போட்ட அதே கணக்கு.

புதிய வருமான வரிச் சட்டம் 2025 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. நடைமுறைக்கு வரும் தேதி 2026 ஏப்ரல் 1. பிரிவுகளையெல்லாம் கலைத்து வேறு எண் போட்டுவிட்டார்கள். 87ஏ என்ற பெயர் அதில் இல்லை; அதே தள்ளுபடி 156-ம் பிரிவாக உட்கார்ந்திருக்கிறது. பன்னிரண்டு லட்சத்துக்குப் பூஜ்யம் என்பதை பா.ஜ.க. மேடையில் சொல்லி வாக்குக் கேட்கும், கேட்கலாம். 2,000 ரூபாயை முதலில் சட்டத்தில் எழுதியது யார் என்பதைச் சொல்லி வாக்குக் கேட்க காங்கிரஸுக்குத்தான் இதுவரை தோன்றவில்லை.